எரிமலையும் பெரியம்மாவின் பாரமும்

குஞ்சியப்பா: எல்லோரும் கவனியுங்கள். எரிமலை வெடித்தால் அந்த ஊரில் புவியீர்ப்பு குறைந்து ஆட்களின் பாரமும் குறைந்துவிடுமாம். உடனே எல்லோருக்கும் அனுப்பவும்.

பெரியம்மா: அப்படியென்றால் எனக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். டாக்டர் 5 கிலோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

யாழினி: டிக்கெட் காசுக்குக் கட்டாது, பெரியம்மா. அங்கே ஈர்ப்பு 100 மைக்ரோகால் (ஈர்ப்பை அளக்கும் மிகச் சிறிய அலகு) குறைந்தாலே பெரிய விஷயம். அது புவியீர்ப்பில் ஒரு கோடியில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம் குறையும், ஓர் அரிசி மணியளவுகூட இல்லை.

குஞ்சியப்பா: குறைகிறதுதானே!

அண்ணா: உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளையிடம் வாதாடாதீர்கள், குஞ்சியப்பா.

யாழினி: கூடவும் செய்யும். அடியில் மக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, வந்து சேர்ந்தால் ஈர்ப்பு கூடும், வெளியேறினால் குறையும். ஆனால் அதே மக்மா நிலத்தையும் மேலே தள்ளுகிறது. நிலம் 1 மீட்டர் உயர்ந்தால், பூமியின் மையத்தை விட்டு விலகுவதால் மட்டும் ஏறக்குறைய 300 மைக்ரோகால் குறைந்துவிடும். இத்தாலியில் எரிமலைப் பகுதியிலுள்ள பொட்சுவோலி என்ற ஊர் 1982 முதல் 1984 வரை 1.8 மீட்டர் அளவுக்கு மேலெழுந்தது. துறைமுகத்தில் தண்ணீர் ஆழமில்லாமல் போய்விட்டது.

அண்ணா: பிறகு வெடித்ததா?

யாழினி: இல்லை. அதனால்தான் நிலம் உயர்ந்ததை மட்டும் பார்த்துப் பயப்பட முடியாது. ஈர்ப்பு மாற்றத்தில் நில உயர்வின் கணக்கைக் கழித்தபின்னும் ஈர்ப்பு கூடியிருந்தால் கனமான ஏதோ உள்ளே வந்திருக்கிறது. குறைந்திருந்தால் வாயுவாக இருக்கலாம். இத்தாலியின் எட்னா எரிமலையில், ஈர்ப்பை அளக்கும் ஈர்ப்புமானிகளை நிரந்தரமாகவே வைத்திருக்கிறார்கள்.

அப்பம்மா: மழை பெய்தால் அந்தக் கருவி நனையாதா பிள்ளை?

யாழினி: நல்ல கேள்வி, அப்பம்மா! நனைவதைவிட, மழைநீர் நிலத்தில் இறங்குவதுதான் தொல்லை. 1 மீட்டர் தடிப்பான நீர்ப்படை 42 மைக்ரோகால் கூட்டும். அதையும் கழிக்காவிட்டால் மழையை மக்மா என்று நினைத்துவிடுவார்கள்.

குஞ்சியப்பா: மாரியில் நமது கிணறு நிரம்பும்போது இங்கேயும் கூடுமா?

யாழினி: ஓம். கிணற்றுத் தண்ணீரைவிட, சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல்லில் ஏறும் நீர்தான் பெரிய கணக்கு. கல்லில் பத்தில் ஒரு பங்கு துவாரமென்றால், நீர்மட்டம் 1 மீட்டர் ஏற 4 மைக்ரோகால் கூடும்.

குஞ்சியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: எதை நீக்கினீர்கள்?

குஞ்சியப்பா: ஒன்றுமில்லை. 'மாரியில் யாழ்ப்பாணத்தாரின் பாரம் கூடும்' என்று மற்றக் குழுவுக்கு எழுதியது இங்கே வந்துவிட்டது.

பெரியம்மா: அதை எனக்கு மட்டும் அனுப்புங்கள். டாக்டரிடம் காட்ட வேண்டும்.