உவர்மலை வீட்டார் குழு: வீடமைப்பு படிச்சா என்ன வேலை?

கவி: வரதன் மாமா, நிக்கிறீங்களா? பல்கலைக்கழக விண்ணப்பத்தில தெரிவு ஒழுங்கு போடோணும். சுதா மச்சாள் வீடமைப்புப் பக்கம் பார் எண்டு சொல்லுறா. அதைப் படிச்சா என்னவா வரலாம்?

மாலா: நான் கோணேசபுரி வளாகத்தில வணிக முகாமைத்துவம் போடச் சொன்னனான். வீட்டில இருந்தே போய் வரலாம்.

ரவி: வீடு கட்ட இஞ்சினியர் இருக்கு, மேசன் இருக்கு. இடையில இது என்ன படிப்பு? சுதாவுக்கு லண்டனில சரிவரும். திருகோணமலையில இதுக்கு ஆர் சம்பளம் தாறது?

சுதா லண்டன்: ரவி மாமா, நான் கல் வைக்கிறதுமில்லை, பிளான் கீறுறதுமில்லை. நான் இருக்கிறது கவுன்சில் வீடுகளை, அதாவது உள்ளூராட்சிச் சபை வாடகைக்குக் குடுக்கிற வீடுகளைப் பாக்கிற பகுதியில. காலமை ஒரு வயசான அம்மா, சுவரில பூஞ்சணம் எண்டு போன் எடுப்பா. பிறகு வாடகை கட்டாத குடும்பம் ஒண்டு. ஏன் கட்டேல்லை, வேலை போச்சா, உதவிப்பணம் நிண்டிட்டுதா எண்டு இருந்து கதைக்கோணும். பின்னேரம் கையில பிள்ளையோட ஒரு பொம்பிளை, வீட்டுக்காரன் எழும்பச் சொல்லிப்போட்டான் எண்டு வந்து நிப்பா. 56 நாளுக்குள்ள வீடில்லாமல் போகப் போற ஆளுக்கு, போக முதலே உதவோணும் எண்டு இங்கிலாந்தில சட்டம் இருக்கு. 2017இல போட்ட சட்டம். அது தெரியாட்டி அந்தப் பொம்பிளையைத் திருப்பி அனுப்பிப்போடுவன்.

சுதா லண்டன்: வேலை செய்துகொண்டே கொலிஜில படிச்சனான். வாடகைச் சட்டம், வீடற்ற ஆக்களின்ர சட்டம், ஆருக்கு முதல் வீடு குடுக்கிறது எண்ட முறை, திருத்தவேலை, வீடமைப்பு நிதி, சண்டை பிடிக்கிற அயலாரோட கதைக்கிற விதம், எல்லாம் பாடம். இந்தத் தொழிலுக்கெண்டே பட்டய நிறுவனம் ஒண்டு இருக்கு, அவையின்ர தகைமைதான் எனக்கு. ஒக்டேவியா ஹில் எண்ட பொம்பிளை 1865இல லண்டன் மேரிலிபோனில மூண்டு பழைய வீட்டைப் பொறுப்பெடுத்துத் தொடங்கினவ. கிழமைக்கொருக்கா வாடகைக்குப் போய், அந்தப் போக்கிலயே ஓட்டை கூரையையும் குடும்பப் பிரச்சினையையும் பாத்தவ. தன்னோட வேலை செய்யப் பொம்பிளையளைப் பழக்கினவ. அதில இருந்து வந்த தொழில் இது.

நிரோ கட்டார்: கவி, நான் குவான்ரிற்றி சேவேயர். எத்தினை மூடை சீமெந்து, எவ்வளவு கம்பி, என்ன விலை, அதுதான் என்ர வேலை. திறப்பைக் குடுத்ததோட எனக்கு அந்தக் கட்டடம் முடிஞ்சுது. அதுக்குள்ள ஆர் இருக்கினம், எப்பிடி இருக்கினம் எண்டு நான் கேட்டதுமில்லை, கேக்கச் சொல்லி ஆரும் சொன்னதுமில்லை. சுதா மச்சாள் சொல்லுறது அதுக்குப் பிறகு தொடங்குற வேலை.

வரதன் மாமா: அதுக்கு முதலும் தொடங்குற வேலை, நிரோ. நான் எழுதிக்கொண்டிருக்கிறன், பொறுங்கோ.

செல்வி மாமி: எனக்கு எழுத வராது, பேரன் எழுதுறான். நான் சொல்லுறன் ரவி, அந்தப் படிப்பு இங்க வேணும். சுனாமிக்குப் பிறகு நிலாவெளியில எங்களுக்கு வீடு தந்தவை. சுவரும் நல்லம், கூரையும் நல்லம். குசினியை உள்ளுக்க ஒரு மூலையில வச்சுக் கட்டினவை, புகை போக வழியில்லை. நாங்க விறகில சமைக்கிற சனம். பின்னால கிடுகால குசினி ஒண்டு அடிச்சுத்தான் சமைச்சனான். கட்டி முடிக்குமட்டும் ஒருத்தரும் என்னட்ட, எங்க அடுப்பு வைப்பீங்க எண்டு கேக்கேல்லை.

ரவி: அது உண்மைதான் அக்கா. நானும் அந்தக் குசினியைப் பாத்தனான்.

வரதன் மாமா: ரவி மச்சான், இதை வடிவா வாசியுங்கோ. நான் தேசிய வீடமைப்பு அதிகார சபையில ரி.ஓ.வா, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தராச் சேர்ந்தது பத்து லட்சம் வீட்டுத் திட்ட காலத்தில, 1984க்கும் 89க்கும் இடையில. அதுக்கு முதல் ஒரு லட்சம் வீடு எண்டு அரசாங்கமே கட்டிக் குடுத்தது. செலவு தாங்கேல்லை. பிறகுதான், சனம் தன்ர வீட்டைத் தானே கட்டட்டும், நாங்க சின்னக் கடனும் ஆலோசனையும் குடுப்பம் எண்டு மாத்தினவை. 1987ஐ வீடற்றவர்களுக்கான சர்வதேச ஆண்டா ஐநா அறிவிச்சதே, அப்ப பிரதமரா இருந்த பிரேமதாச கொண்டுபோன யோசனையில. அந்த நேரம் வெளிநாட்டில இருந்து ஆக்கள் வந்து எங்களிட்டப் படிச்சிட்டுப் போனவை. இந்த விசயம் எங்கட நாட்டுக்குப் புதுசில்லை.

வரதன் மாமா: சுனாமிக்குப் பிறகு, கிழக்கில கடலில இருந்து 200 மீற்றருக்குள்ள கட்டக்கூடாது எண்டவை. தெற்கில 100. வள்ளத்தையும் வலையையும் கரையில விட்டிட்டு மீன்பிடிச் சனம் உள்ளுக்குப் போய் என்ன செய்யுறது? பிறகு அந்தத் தூரத்தைக் குறைச்சினம். அதுக்கிடையில எத்தினை குடும்பம் அலைஞ்சுது. அந்தக் கோட்டைப் போடுற மேசையில, மீன்பிடிக் குடும்பம் எப்பிடிச் சீவிக்குது எண்டு தெரிஞ்ச ஒராள் இருந்திருக்கோணும். எனக்கு இண்டைக்கும் அது நெஞ்சுக்க நிக்கிற விசயம்.

வரதன் மாமா: சண்டை முடிஞ்சு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. வடக்கு கிழக்குக்கு 46,000 வீடு அளவில. பெரும்பாலும் உரித்தாளரே கட்டுறது, ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, அத்திவாரம், சுவர், கூரை எண்டு கட்டங்கட்டமாக் காசு விடுறது. இப்பிடித் திட்டங்களில ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து எழுதுறது எங்களைப் போல ரி.ஓ.மாரின்ர வேலை. அளக்கிறது அரை மணித்தியாலம். பெர்மிற், அதாவது அரச காணியில இருக்கத் தாற அனுமதிப்பத்திரம், ஆற்ற பேரில கிடக்கு, அவர் உயிரோட இருக்கிறாரா, சாட்சி என்ன, பக்கத்துக் காணிக்காரன் என்ன சொல்லுறான், இதுக்குத்தான் மாதக்கணக்கு. எங்களுக்கு அதை ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. கவி அதைப் படிச்சிட்டு வந்தா எங்களை விட நல்லாச் செய்வாள்.

செல்வி மாமி: பெர்மிற் கதை எனக்கும் தெரியும். மகளுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டக் கடன் கேட்டுப் போனன். காணி என்ர மனுசன்ர பேரில, அவர் உயிரோட இல்லை, ஏலாது எண்டு திருப்பி விட்டினம். அந்த அறை இன்னும் சுவர் மட்டத்தில நிக்குது.

கவி: மாமி, மாமா வாரிசு ஆரெண்டு பதிஞ்சு வைக்கேல்லையா?

செல்வி மாமி: அப்பிடி ஒண்டு இருக்கெண்டே எங்களுக்குத் தெரியாது மகள்.

வரதன் மாமா: எங்கட மாவட்டத்தில அரச காணியில இருக்கிற கனபேருக்கு இதே நிலைமை. 1935ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். வாரிசு பதியாமல் பெர்மிற்காரர் செத்தா, மனுசிக்கு இருக்கிற உரிமை சீவிய காலத்துக்கு மட்டும். அடுத்த வரிசையில மகள்மாருக்கு முதல் மகன்மார் எண்டு இருந்தது. 2022இல திருத்தி ஆணும் பெண்ணும் சமன் எண்டு கொண்டுவந்தவை. சட்டம் மாறினது கொழும்பில. அதை நிலாவெளியில ஒரு வீட்டுத் திண்ணையில இருந்து விளங்கப்படுத்த ஒராள் வேணும்.

மாலா: அண்ணா, நீங்க சொல்லுறது எல்லாம் சரி. ஒரு பொம்பிளைப் பிள்ளை ஊர் ஊரா இந்த வேலைக்குத் திரியுறதே?

செல்வி மாமி: மாலா, ஆம்பிளை அதிகாரி வந்தா நான் கதவடியில நிண்டு ஓம் ஓம் எண்டுதான் சொல்லுறனான். ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்திருந்தா குசினிக் கதையைச் சொல்லியிருப்பன்.

சுதா லண்டன்: மாமி சொல்லுறதுதான் எனக்கும் இங்க நடக்கிறது. மாலா மாமி, இன்னொண்டும் சொல்லோணும். லண்டனில கிரென்ஃபெல் எண்ட 24 மாடிக் கட்டடம் 2017 ஜூனில எரிஞ்சு 72 பேர் செத்தவை. இருந்த சனம் ஆபத்து எண்டு முதலே சொல்லிக்கொண்டு இருந்தது. 2020இல ரொச்டேலில அவாப் இஷாக் எண்ட ரெண்டு வயசுப் பிள்ளை, பூஞ்சணம் பிடிச்ச வீட்டில இருந்து மூச்சு நோய் வந்து செத்தது. தகப்பன் திரும்பத் திரும்ப முறைப்பாடு குடுத்தவர். இப்ப அந்தப் பிள்ளையின்ர பேரிலயே சட்டம். உயிராபத்து எண்டா 24 மணித்தியாலத்துக்குள்ள, வீட்டைப் பொறுப்பா வச்சிருக்கிற கவுன்சிலோ வீடமைப்புச் சங்கமோ நடவடிக்கை எடுக்கோணும். வீடமைப்பில மேல் பதவியில இருக்கிற ஆக்கள் இனி அதுக்கெண்டு தகைமை எடுக்கோணும் எண்டும் 2023இல சட்டம் போட்டினம். சனம் சொல்லுறதைக் கேக்கத் தெரியாத ஆள் அந்தக் கதிரையில இருந்தா உயிர் போகும் எண்டு பட்டுத்தான் விளங்கினது.

ரவி: அப்ப சுதா, பிள்ளையை அங்கேயே அனுப்பிப் படிப்பிக்கலாமா?

சுதா லண்டன்: இப்ப வேண்டாம் மாமா. வெளிநாட்டுப் பிள்ளையளுக்குக் கட்டணம் சரியான கூட. நான் படிச்ச சட்டம் முழுக்க இங்கத்தைய சட்டம், பெர்மிற் எண்டா என்னெண்டு இந்தக் கொலிஜுக்குத் தெரியாது. முதல் பட்டம் அங்க எடுக்கட்டும். முதுமாணிக்கு வேணுமெண்டா புலமைப்பரிசில் பாப்பம்.

கவி: மாமா, பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில வீடமைப்பு எண்டு தனிப் பட்டம் எனக்குக் கிடைக்கேல்லையே.

வரதன் மாமா: அந்தப் பேரில தேடாதை. மொறட்டுவையில நகரத் திட்டமிடலும் வசதிகள் முகாமைத்துவமும் இருக்கு. ஜயவர்த்தனபுரவில ஆதன முகாமைத்துவமும் மதிப்பீடும், அதாவது காணி வீட்டைப் பராமரிக்கிறதும் விலை மதிக்கிறதும். நீ வர்த்தகப் பிரிவு, உன்ர பாடத்துக்கு எது பொருந்தும் எண்டு ஒவ்வொண்டுக்கும் கீழ போட்டிருக்கிற தகைமையைப் பார். உனக்கெண்டா எனக்கு மதிப்பீடுதான் விருப்பம். கணக்கீடு படிச்ச பிள்ளைக்கு நிதியும் காணியும் சேர்ந்து வாற இடம் அது.

வரதன் மாமா: வேலை எண்டா, விலை மதிப்பீட்டுத் திணைக்களம், எங்கட அதிகார சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை. கொழும்பில மாடிவீடுகள் கூடக் கூட லிப்ற் திருத்துறது, தண்ணிக் காசு பிரிக்கிறது, இருக்கிற ஆக்களின்ர கூட்டம் நடத்துறது எண்டு கூட்டாதன முகாமைத்துவம் பெரிய துறையா வருகுது. வங்கிகளில வீட்டுக்கடன் பகுதி. பிறகு ஐநா வீடமைப்பு நிறுவனம் மாதிரியான இடங்கள். ரவி மச்சான், உங்களுக்கு மறைக்கேல்லை: அரச ஆட்சேர்ப்புக்குக் காத்திருக்க வேண்டி வரும். திட்ட வேலையில சம்பளம் நல்லம், திட்டம் முடிய வேலையும் முடியும். அதாலதான் ஒரு தொழில் தகைமையோட நிக்கச் சொல்லுறன். மதிப்பீட்டாளருக்கு வங்கியிலயும் வேலை, நீதிமன்றத்திலயும் வேலை, தனியாகவும் செய்யலாம்.

நிரோ கட்டார்: சிங்களத்தையும் இப்பவே தொடங்கு கவி. பைல் அரைவாசி சிங்களத்தில வரும்.

ரவி: கொழும்பில தங்கிறதுக்கு என்ன செலவு வரும் நிரோ?

நிரோ கட்டார்: விடுதி கிடைச்சா பெரிசா இல்லை பெரியப்பா. கிடைக்காட்டி என்ர கூட்டாளியின்ர அக்கா கங்கொடவிலவில இருக்கிறா, அறை கேட்டுச் சொல்லுறன்.

மாலா: கேட்டு வை மகன்.

ரவி: சரி. கவி, மதிப்பீட்டை முதலாவதாப் போடு. நகரத் திட்டமிடலுக்கும் உன்ர பாடம் சரிவந்தா அதை ரெண்டாவதா. அம்மா சொல்லுற கோணேசபுரியும் கீழ இருக்கட்டும்.

கவி: ஓம் அப்பா. செல்வி மாமி, உங்கட பெர்மிற் எங்க இருக்கு? போட்டோ எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்கோ, குழுவில போடாதீங்கோ. மாமா, வேற என்ன வேணும்?

வரதன் மாமா: மாமாவின்ர மரணச் சான்றிதழ், கலியாணப் பதிவு, மாமியின்ர அடையாள அட்டை, பிள்ளையளின்ர பிறப்புச் சான்றிதழ். ரெண்டு செற் போட்டோக்கொப்பி எடு. முதல் கிராம உத்தியோகத்தரிட்டப் போவம், அங்க இருந்து பிரதேச செயலகக் காணிப் பகுதிக்கு. கடிதத்தை நீ எழுது, நான் திருத்தித் தாறன்.

செல்வி மாமி: பெட்டிக்குள்ள கிடக்கு. பேரன் இப்ப எடுக்கிறான்.