'சுவிகாரபுத்திரர்' (தத்துப்பிள்ளைகள்) என்பதை என் மாணவிக்கு எப்படி விளக்குவது?

தாராவியில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். மூன்று வாரமாக வேதாகமத்தில் எபேசியர் நிருபம் முதல் அதிகாரம், 3 முதல் 14 வரை. 5-ஆம் வசனத்தில் தேவன் நம்மைத் தமக்குச் 'சுவிகாரபுத்திரர்' ஆக்குகிறார் என்று வந்ததும், சித்தி வீட்டில் வளரும் 14 வயதுப் பெண் வேதாகமத்தை மூடிவிட்டாள். "அப்போ அங்கேயும் நான் எடுத்து வளர்க்கிற பிள்ளைதானா அக்கா?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ரோமச் சட்டத்தில் தத்துப்பிள்ளைக்கும் முழு வாரிசுரிமை உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். 14-ஆம் வசனத்தின் 'அச்சாரம்' சட்டென்று புரிந்தது. போன மாதம்தான் அவர்கள் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். அப்புறம் ரோமர் 8:15, 'அப்பா பிதாவே' என்று கூப்பிடும் உரிமை. தலையாட்டுகிறாள். ஆனால் ஜெபத்தில் 'அப்பா' மட்டும் வாயில் வருவதில்லை.

தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர்கள், தத்தெடுத்தவர்கள் சொல்லுங்கள்: சுவிகாரம் இரண்டாந்தரம் இல்லை என்பதை அவளுக்கு எந்தச் சொல்லால் புரியவைக்கலாம்?