ஆயாவின் கரிக்கோடுகள்

நம்மூர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் மலருக்குப் பழைய நினைவுகளை எழுதி அனுப்பச் சொன்னதிலிருந்து, பத்து நாளாக எங்கள் ஆயாவின் பேச்சாகவே இருக்கிறது. மஸ்கட் சித்தப்பா அவரை அன்னபூரணி என்றார். நியூ ஜெர்சி அக்கா, "யார் போய் நின்றாலும் கணக்குப் பார்க்காமல் கொடுத்த கை" என்று எழுதினார். படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் பேரன் என்ற முறையில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆயா கணக்குப் பார்ப்பார். மோருக்கும் கூழுக்கும் பார்க்கமாட்டார். பால், நெல், வைக்கோல், கைமாற்று எல்லாவற்றுக்கும் பார்ப்பார். அக்கா, உங்கள் வீட்டுக்கென்று எங்கள் சுவரில் தனிக் குறியே இருந்தது. இரட்டைப் பனைமரம். அதன் எதிரே ஒரு சமயம் பதினேழு கோடு நின்றது.

'ஆயா சொன்னார், ஆயா வந்தார்' என்று எழுதுவதே கூச்சமாக இருக்கிறது. நம்மூரில் ஆயா சொல்லும், ஆயா வரும். மரியாதை கொடுத்து எழுதினால் யாரோ தாசில்தாரைப் பற்றி எழுதுவது போல் ஆகிவிடுகிறது. பட்டணத்திலோ அந்தச் சொல்லுக்கே வேறு பொருள். சைதாப்பேட்டையில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று, யாருடன் வந்தாய் என்று வாத்தியார் கேட்டார். ஆயாவுடன் என்றேன். "ஓ, வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா?" என்றார். வாசலில் ரவிக்கை இல்லாத தோளை முந்தானையால் இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றவர், இரண்டு காணி கழனிக்கும் ஒரு காணிப் புன்செய்க் கொல்லைக்கும் (காணி என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று அதிகம்) முதலாளி என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதலாளி என்பதும் சரியில்லை. பட்டா தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா 1961-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பின் முப்பத்தைந்து வருஷம் உழுததும் விதைத்ததும் ஆயாவின் சொல்படிதான். பட்டா மட்டும் அவர் பெயருக்கு வரவே இல்லை.

வீட்டைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அது தெருவில் இருந்த வீடு அல்ல. ஏரிக்கரையிலிருந்து இறங்கி, மதகைத் தாண்டி, கழனி வரப்பில் நடந்து வந்தால் கொல்லை மேட்டில் தனியாக நிற்கும். நாட்டு ஓடு, முன்னால் திண்ணை, ஏறுவதற்கு ஆறு படி. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் படிகள் பெரிய தொல்லை. ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிந்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று பார்த்துக் கட்டிய உயரம் அது. 1985 நவம்பர் வெள்ளத்தில் நான்காவது படி வரை நனைந்தது. ஐந்தாவது படியில் உட்கார்ந்து ஆயா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அதே இடத்தில் இன்று நிற்கும் அடுக்குமாடியில், 2015 டிசம்பரில் கீழ்த்தளத்துக் கார்கள் எல்லாம் மூழ்கின. மேட்டை வெட்டித்தான் வண்டி நிறுத்த இடம் செய்திருந்தார்கள்.

உள்ளே நுழைந்தால் முதலில் மணம்தான் வரவேற்கும். சாணம் மெழுகிய தரை, பின்கட்டில் நெல் அவியும் ஆவி, உறியில் தொங்கும் மோர்ப்பானை, எங்கோ ஒரு மூலையில் கருவாடு. கூடத்தில் என் உயரத்துக்கு இரண்டு மடங்கு மண் குதிர். அதில் கிச்சிலிச் சம்பா மட்டுமே இருக்கும். விற்பதற்கு அதிகம் விளையும் புது நெல்லான ஐ.ஆர். ரகங்களைப் போட்டாலும், வீட்டுச் சாப்பாட்டுக்கென்று மதகை ஒட்டிய முக்கால் காணியில் கிச்சிலி போடுவதை ஆயா நிறுத்தவில்லை. ஐ.ஆர். எட்டு வந்த புதிதில் விளைச்சலைப் பார்த்து மயங்கியவர்தான். ஒரு வாரம் தின்றுவிட்டு, "ஆறினால் சோறு விறைத்துப் போகிறது. பழையதுக்கு ஆகாத நெல் வீட்டுக்கு எதற்கு?" என்றாராம். விடிகாலையில் அந்தப் பழையதும் சுட்ட மிளகாயும் தின்றுவிட்டுக் கழனிக்குப் போனால், வெயில் உச்சிக்கு வரும் வரை அவருக்குப் பசிக்காது. எனக்கு எட்டு மணிக்கே பசிக்கும்.

சுவர் இருந்தது பின்தாழ்வாரத்தில், உரலுக்குப் பின்னால். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; கைநாட்டு. எழுத்துத் தெரியாதவர் தனக்கென்று ஓர் எழுத்தைச் செய்துகொண்டார். கொடியடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு. ஒரு கோடு என்றால் ஓர் ஆழாக்குப் பால். எட்டுக் கோடு சேர்ந்தால் அவற்றின் மேல் குறுக்காக ஓர் இழுப்பு. அது ஒரு படி. வட்டம் என்றால் ஒரு மரக்கால் நெல். வட்டத்துக்குள் புள்ளி வைத்தால் விதை நெல். அதைத் திருப்பும்போது விதை நெல்லாகவே திருப்ப வேண்டும். வீடுகளுக்கெல்லாம் குறிகள். குயவர் வீட்டுக்குச் சட்டி. மேட்டுத் தெரு மாமா வீட்டுக்குச் சைக்கிள் சக்கரம், அந்தத் தெருவில் முதலில் சைக்கிள் வாங்கியவர்கள் என்பதால். சிங்கப்பூர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டுக்குக் குறி கோழி. ஏன் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

வசூலிலும் ஒரு முறை இருந்தது. ஆடியில் யாரிடமும் கேட்கமாட்டார், தையில் யாரையும் விடமாட்டார். சம்பா அறுத்துக் களத்தில் நெல் அளக்கும்போது பக்கத்தில் போய் நின்றுகொள்வார். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்றுதானே எண்ணத் தொடங்குவார்கள்? ஆயா தனக்கு வர வேண்டியதை வாங்கும்போது மட்டும் "லாபம் உன்னுடையது, எனக்கு இரண்டிலிருந்து அள" என்பார். இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மரக்கால் போயிருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கோட்டைத் துடைப்பார், பாதி வாங்கியிருந்தால் பாதிக் கோட்டை. அந்தச் சுவருக்கு மட்டும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கூடாது. வெள்ளையடிக்க வருபவர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார், ஒவ்வொரு வருஷமும் திட்டு வாங்குவார்.

கரியில் இருப்பவை ஊர் எங்களுக்குத் தர வேண்டியவை. அதே சுவரின் கீழ்ப்பகுதியில், குனிந்தால்தான் தெரியும் இடத்தில், காவியில் சில கோடுகள் இருக்கும். அவை ஆயா பிறருக்குத் தர வேண்டியவை. அதிகம் இருக்காது. இரண்டு நாளுக்கு மேல் ஒரு காவிக்கோடு நின்று நான் பார்த்ததில்லை, ஒன்றைத் தவிர.

மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்த சமயம். 1989 மார்ச் 25 முதல் செல்லும் என்று அதில் இருந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் மணமான பெண்களுக்குப் பொருந்தாது என்றும் இருந்தது. ஒரு சாயங்காலம் திண்ணையில் அப்பா அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து சத்தமாகப் படித்தார். மணமானவர்களுக்குக் கிடையாது என்ற இடத்தை இரண்டு முறை படித்தார் என்று எனக்கு ஞாபகம். ஒருவேளை நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். அத்தைக்குக் கல்யாணமானது 1974-இல், மதுராந்தகத்தில் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தார். ஆயா பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்படியென்றால் பதினைந்து வருஷம் அவளைக் கட்டிக்கொடுக்காமல் வைத்திருக்க வேண்டுமா? நாற்று முற்றிப் போய்விடுமே" என்றார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆயா எழுந்து உள்ளே போனார். மறுநாள் உரலுக்குப் பின்னால் காவியில் ஒரு கிளி இருந்தது. கிளிக்கு எதிரே ஒரு கோடு.

அதன்பின் போகம் முடிந்ததும் கிளிக்கு ஒரு கோடு ஏறும். ஒரு கோடு ஒரு மூட்டை. கையில் மிஞ்சினால் மாமாவின் வண்டியில் மூட்டையை ஏற்றி மதுராந்தகத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு கோட்டைத் துடைப்பார். மிஞ்சாத போகத்தில் கோடு நிற்கும். ஏரித் தண்ணீர் போதாமல், சம்பாவுக்குப் பின் போடும் நவரைப் பயிர் காய்ந்த வருஷங்கள் வந்தன, கோடுகள் நின்றன. வீட்டில் எல்லோரும் அதைச் சீர் என்றுதான் நினைத்தோம். தாய் மகளுக்குச் சீர் அனுப்புகிறார், அதில் என்ன இருக்கிறது? சீரைக் கரியிலும் காவியிலும் யாரும் எழுதுவதில்லை என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆயா 1996 ஆடியில் போனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டை வெள்ளையடிக்க வேண்டும். இந்த முறை திட்டுவதற்கு ஆள் இல்லை. சுண்ணாம்பு வாங்கி வந்தவன் நான்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம், உங்கள் எல்லோர் வீட்டிலும் நடந்ததுதானே. கழனி 1998-இல் மனைகளாயிற்று. கொல்லையும் வீடும் 2006-இல் போயின. ஆயாவின் கணக்கு காணியும் குழியும். அடுக்குமாடி கட்ட வந்த கட்டுநரின் கணக்கு கிரவுண்டு. ஒரு காணி 24 கிரவுண்டு என்று அவர் சொன்னபோது, நிலம் அதே இடத்தில் நின்றபடியே பெருகிவிட்டது போல அப்பாவின் முகம் மலர்ந்தது. அத்தையின் கையெழுத்தும் வேண்டும் என்று வக்கீல் சொன்னதால் அவரை வரவழைத்தோம். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸில் போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பங்குக்கு வந்த வீடுகளில் ஒன்றில்தான், மூன்றாவது மாடியில், இதை எழுதுகிறேன். ஊரை விட்டுப் போகாதவன் என்று என்னை நீங்கள் மெச்சுகிறீர்கள். என் முகவரியில் ஊர்ப்பெயரே இப்போது இல்லை. அடுக்குமாடியின் பெயர் இருக்கிறது, அதன் கீழே சென்னை என்று இருக்கிறது. இருந்த இடத்தில் இருந்தபடியே செங்கல்பட்டு மாவட்டத்துக்காரனாகப் பிறந்து, 1997-இல் காஞ்சிபுரத்துக்காரனாகி, 2011-இல் மாநகராட்சிக்குள் வந்து, 2018-இல் சென்னை மாவட்டத்துக்காரனாகிவிட்டேன். பின்தாழ்வாரம் எந்த இடத்தில் இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிஃப்ட் நிற்கும் இடமாக இருக்க வேண்டும்.

மஸ்கட் சித்தப்பா, இந்த மடல் உங்களுக்காகத்தான். 1996 பொங்கலுக்கு விடுமுறையில் வந்தபோது புதுக் கேமரா கொண்டுவந்தீர்கள். ஆயா உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கிறேன் என்றதும் தலைமுடியைக் கூட ஒதுக்காமல், "சீக்கிரம் எடு, மாவு காய்கிறது" என்றார். உங்கள் பெண்ணை நான் இடுப்பில் வைத்திருந்தேன். பிளாஷ் வெளிச்சத்துக்கு அவள் அழுதாள். அந்தப் படத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பழைய ஆல்பத்திலோ, நெகட்டிவ் உறையிலோ இருந்தால் தேடிப்பார்த்து ஸ்கேன் செய்து எனக்கு மட்டும் அனுப்புங்கள். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்தப் பொங்கலுக்கு நான் மதுராந்தகம் போகிறேன். அதற்கு முன் கிளிக்கு எதிரே எத்தனை கோடு என்று தெரிந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன். ஆயாவின் முகம் ஆடியிருந்தாலும் பரவாயில்லை. உரலுக்குப் பின்னால் கீழ்ச்சுவர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.