போட்டிக்கு முந்தின வாரம்: தண்ணி, உப்பு, மேடை. உங்க கண்ணு முன்னாடி நடந்ததைச் சொல்லுங்க

சைடுசெஸ்ட்:
மாவட்ட ஆணழகன் போட்டி, ஒரு கல்யாண மண்டபத்துல. சமையல்கட்டுதான் பம்ப் ரூம், மேடையேறுறதுக்கு முன்னாடி தசையை முறுக்கேத்துற இடம். எல்லாரும் கலர் பூசிட்டு ரப்பர் பேண்டு இழுத்துக்கிட்டிருந்தோம். தோல் ஒட்டித் தசை தெளிவாத் தெரியணும்னு கடைசி வாரம் தண்ணியையும் உப்பையும் நிறுத்துறது, மாவுச்சத்தைக் குறைக்கற டிப்ளீஷன், திரும்ப ஏத்துற லோடிங் எல்லாம் இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, நேரா விஷயத்துக்கு வர்றேன். 60 கிலோ எடைப் பிரிவுல ஒரு தம்பி. செம கண்டிஷன், கொழுப்பே இல்லாம பின்தொடையில கோடு கோடா தெரியுது. நடுவர்கள் வரிசையா நிக்க வச்சு ஒப்பிடுற கம்பேரிசன் முடிஞ்சு இறங்கி வந்தவன் அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டான். தொடை பிடிச்சுக்கிச்சு. ரெண்டு பேர் காலை நீட்டிப் பிடிச்சோம். அதுக்குள்ள கை விரல் அஞ்சும் குவிஞ்சு உள்ளங்கைப் பக்கமா வளைஞ்சிருச்சு. பிரிச்சு விட்டாலும் மறுபடி தானா குவியுது.

நான் பாட்டிலைத் திறந்து வாய்கிட்ட நீட்டினேன். அவன் பாட்டிலைப் பார்க்கல, அவங்க மாஸ்டர் முகத்தைப் பார்த்தான். "இன்னும் ஓவரால் இருக்குடா, வாயை மட்டும் நனைச்சுக்கோ"ன்னார் அவர். ஓவரால்னா எல்லா எடைப் பிரிவுலயும் ஜெயிச்சவங்க மோதுற கடைசிச் சுற்று. அவனும் நனைச்சுட்டுத் துப்பிட்டான். தண்ணி கையெட்டுற தூரத்துல இருக்கு, குடிக்கலாமான்னு இன்னொருத்தரைக் கேக்குறான். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்க மாட்டேங்குது.

சர்க்கரவள்ளி:
எனக்கு மேடையில ஒண்ணும் ஆகல, வீட்லதான். எங்க அம்மா குழம்பு கொதிக்கும்போது கரண்டியில கொஞ்சம் எடுத்து ஊதி, "உப்பு பாருடா"ன்னு என் உள்ளங்கையில ஊத்துவாங்க. சின்ன வயசுல இருந்து அது என் வேலை. கடைசி வாரம் உப்பே கூடாதுன்னு சொல்லிட்டாங்களா, அன்னிக்கு அம்மா கரண்டியோட வந்ததும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, "வேணாம்மா, போ"ன்னு கத்திட்டேன். வெள்ளைக்கருவும் உப்பில்லாத சிக்கனுமா தின்னு தின்னு எனக்கு யார் மேல வேணாலும் கோவம் வந்த நேரம். அம்மா ஒண்ணும் சொல்லல. கரண்டியைத் திருப்பிச் சட்டியிலயே ஊத்திட்டாங்க.

போட்டியில மூணாவது இடம். பதக்கம் ஷோகேஸ்ல இருக்கு. ஆனா இப்பல்லாம் உப்பு பார்க்கத் தங்கச்சியைத்தான் கூப்பிடுறாங்க.

பழைய_இரும்பு:
தம்பிகளா, தண்ணியை நிறுத்தாம தோல் ஒட்டாது. நான் மிஸ்டர் தமிழ்நாடு மேடையில நின்னவன். அப்ப எங்களுக்கு கோச்சும் கிடையாது, கிராம் தராசும் கிடையாது. முந்தின நாள் சாயந்திரத்தோட தண்ணி க்ளோஸ். காலையில கடலைமிட்டாய், வாழைப்பழம், மேடையேறுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் தேன். வயித்துல நரம்பு ஓடுறதைக் கடைசி வரிசையில இருந்தவன் பார்த்துட்டு விசிலடிச்சான். அந்தச் சத்தம் இப்பவும் காதுல கேக்குது. முதல்ல எழுதின தம்பி அந்த மாஸ்டரைக் குத்தம் சொல்றாப்ல. மேடைக்குப் பின்னாடி நூறு பேர் நூறு சொல்லுவான், ஒருத்தர் பேச்சைத்தான் கேக்கணும். பையன் அதைத்தான் செஞ்சான்.

மருந்துக்கடை:
பெரியண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா இதை அப்படியே விட்டுட்டுப் போக முடியல.

போட்டி சீசன்ல ராத்திரி கடை மூடுற நேரத்துக்கு ஒரு பையன் வந்தான். உதடு வெடிச்சு ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. கன்னம் ஒட்டிப்போச்சு. "லேசிக்ஸ் ஒரு அட்டை"ன்னான். உடம்புத் தண்ணியைச் சிறுநீரா வெளியேத்துற மாத்திரை அது. சீட்டு கேட்டேன், இல்ல. தர மாட்டேன்னதும் சண்டையெல்லாம் போடல. "பரவால்லண்ணே, அடுத்த கடையில தருவாங்க"ன்னு பொறுமையா சொல்லிட்டு வண்டியை எடுத்தான். கவுண்டரை விட்டு நான் வெளிய வர்றதுக்குள்ள போயிட்டான். என் கதை இவ்வளவுதான். இனி நான் சொல்றதை யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன்.

தசையில முக்கால் பங்கு தண்ணி. நீங்க லோடிங்ல தின்ற கிழங்கும் சோறும் கிளைகோஜனா, அதாவது சேமிப்புச் சர்க்கரையா, தசைக்குள்ள போய்ச் சேரும்போது, அதுல ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் தண்ணியைக் கூடவே இழுத்துக்கிட்டுப் போகும். அந்த நேரம் பார்த்துத் தண்ணியை அடைச்சா தசை எதை வச்சு நிரம்பும்? உப்பாம ஃப்ளாட்டாத்தான் நிக்கும். தோலுக்கடியில இருக்கற தண்ணியை மட்டும் தனியாப் பிரிச்சு வெளியேத்த உடம்புக்குத் தெரியாது. ரத்தத்துல இருந்தும் போகும், தசையில இருந்தும் போகும். உப்பும் அப்படித்தான். திடீர்னு நிறுத்தினா ஆல்டோஸ்டிரோன்ங்கற ஹார்மோன் ஏறி, சிறுநீரகம் இருக்கற சோடியத்தை விடாமப் பிடிச்சு வச்சுக்கும். குடல் குளுக்கோஸை உள்ள இழுக்கறதுக்கும் சோடியம் வேணும். மேடையில பம்ப் வரலன்னு ரப்பர் பேண்டு அறுந்துபோற அளவுக்கு இழுக்கறாங்களே, ரத்தத்துல அளவே குறைஞ்சிருக்கு, எங்கிருந்து வரும்?

லேசிக்ஸ் தண்ணியோட சேர்த்துப் பொட்டாசியத்தையும் வெளிய தள்ளும். அது ரொம்ப இறங்கினா தொடை மட்டும் பிடிச்சுக்காது, இதயத் துடிப்பே தாறுமாறாகும். பாடிபில்டர் முகமது பெனாசிசா யாருன்னு உங்களுக்குத் தெரியும். 1990ல, பின்னாடி மிஸ்டர் ஒலிம்பியா ஆன டோரியன் யேட்ஸையே ரெண்டாவது இடத்துக்குத் தள்ளினவர். 1992 அக்டோபர்ல நெதர்லாந்துல போட்டி முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே செத்துப்போனார். இன்னொரு பாடிபில்டர் ஆண்ட்ரியாஸ் மூன்சர், தோல் மெல்லிசுக்கே பேர் போனவர், 1996 மார்ச்ல 31 வயசுல போனார். உலக மேடையில நின்னவங்களுக்கே இந்தக் கதி. நம்ம பசங்க பக்கத்துல யார் இருக்கா? விரல் குவிஞ்சு பிரியலன்னா அது உடம்பு உப்புச் சமநிலை கெட்டுப்போச்சுன்னு காட்டுற அறிகுறி. ஓவரால் எக்கேடு கெட்டுப்போனாலும் சரி, அந்தத் தம்பியைத் தூக்கி வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்.

மேடை_ஏறினவ:
எல்லாரும் தண்ணியைப் பத்தியே பேசறீங்க. நான் பெண்கள் பிரிவு. போட்டிக்காக எடை குறைக்கற கட்டிங்ல கொழுப்பு இறங்க இறங்க எனக்கு மாசவிடாய் நின்னுபோச்சு. தயங்கித் தயங்கித்தான் என் கோச்கிட்ட சொன்னேன். அவர் சந்தோஷமா, "சூப்பர்மா, பாடி ரெடியாகுது"ன்னார். ஜிம்ல எல்லாரும் இருக்கும்போது, சத்தமா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அப்புறம் போய்ப் பார்த்த டாக்டரம்மா, "சாப்பாடு பத்தலன்னு உடம்பு கர்ப்பப்பைக் கணக்கை மூடி வச்சிருக்கு, இப்படியே போனா எலும்பு தேயும்"னாங்க. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு இதை யாரும் சொல்றதில்ல. வாரத்துக்கு உடம்பு எடையில அரை சதவீதத்துல இருந்து ஒரு சதவீதத்துக்கு மேல இறக்காதீங்க. நேரம் பத்தலன்னா அடுத்த போட்டிக்கு நில்லுங்க.

பழைய_இரும்பு:
மருந்துக்கடைத் தம்பி, மாத்திரை போடச் சொல்லி நான் எங்கயும் எழுதல. மாத்திரை போட்டு ஏறுறவன் எனக்கும் ஆகாது. ஒரு ராத்திரி தண்ணி குடிக்காததும் லேசிக்ஸும் ஒண்ணு இல்ல. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. அந்தப் பொண்ணு சொன்னது சரி. அந்த கோச்சை ஜிம் பக்கமே விடக்கூடாது.

லெக்டே:
பெரியவரே, ஒரு ராத்திரியில ஆரம்பிச்சதுதான் இப்ப ரெண்டு நாள்ல வந்து நிக்குது. எங்க ஜிம்ல பசங்க "நீ எத்தனை மணி நேரம்"னு பந்தயம் கட்டுறாங்க.

நான் போன தடவை தண்ணியையும் உப்பையும் மாத்தவே இல்ல. வழக்கமாக் குடிக்கற அளவு, மேடையேறுற வரைக்கும். ரெண்டாவது இடம். முடிஞ்சதும் நடுவர்ல ஒருத்தர் கூப்பிட்டு, "கண்டிஷன்ல நீதான் முதல், போட்டியை விட்டது பேக் டபுள் பைசெப்ஸ் போஸ்ல"ன்னார். எங்க விட்டேன்னு கேட்டேன். தன் ஷூவால என் கெண்டைக்காலைத் தட்டிக் காட்டினார். கையை மடக்கி முதுகை விரிச்சிருக்கேன், காலை முறுக்காம விட்டுட்டேனாம். பக்கத்துல நின்னவன் ஒரு காலைப் பின்னாடி வச்சு விரலை ஊன்றிக் கெண்டைக்காலைக் காட்டியிருக்கான். நாலு பேர் வரிசையா திரும்பி நிக்கும்போது நடுவர் கண்ணு கீழ இருந்துதான் மேல போகுமாம்.

இப்ப கடைசி வாரத்துல வெயிட்டைக் குறைச்சுட்டு, கார்டியோ முடிஞ்சதும் ஏழு கட்டாய போஸையும் கண்ணாடி இல்லாம அடிக்கறேன். ஒவ்வொண்ணையும் மூச்சு விட்டுக்கிட்டே இருபது விநாடி பிடிக்கணும். வீடியோ எடுத்துப் பாருங்க, சைடு டிரைசெப்ஸ் போஸ்லயும் கால்தான் முதல்ல தளரும்.