புதுப்பிப்பு: மச்சாளின் 80,000 ரூபாய்

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் மச்சாள், நாளுக்கு 2 வீத இலாபம் என்று ஆசை காட்டிய செயலியில் 80,000 ரூபாய் போட்டதையும், அதை எடுக்க முதலில் 15,000 ரூபாய் 'வரி' கேட்கிறார்கள், கட்டலாமா என்பதையும் போன வாரம் எழுதியிருந்தேன். கட்டவில்லை. கட்டாதே என்று தடுத்த எல்லோருக்கும் நன்றி.

தையல் கணக்குக் கொப்பிக்குள் அவர் மடித்து வைத்திருந்த மூன்று வங்கிச் சீட்டுகளையும் விரித்துப் பார்த்தோம். மூன்றிலும் வெவ்வேறு தனிநபர்களின் பெயர்கள். நிறுவனத்தின் பெயர் ஒன்றில்கூட இல்லை. மத்திய வங்கி வெளியிடும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலிலும் இல்லை. வட்டிக்கு வட்டி போட்டுப் பார்த்தேன்: நாளுக்கு 2 வீதம் என்றால் 80,000 ரூபாய் ஓராண்டில் 11 கோடியாகிவிடும்! எந்தத் தொழிலில் இப்படி விளையும்?

முதல் நாள் 1,600 ரூபாய் கைக்கு வந்ததால்தான் நம்பியிருக்கிறார். பாவம், அது அவருடைய பணமேதான்.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் தடைசெய்த பிரமிட் திட்டம். மட்டக்களப்பில் பொலிஸ் முறைப்பாடு கொடுத்துவிட்டோம், வங்கிக்கும் எழுதியிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. மச்சாள் நேற்றுத்தான் மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்தார்.