மாரி மழையில் அழுகும் முற்றத்துப் புல்லை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: முற்றத்தான், கிளிநொச்சி

அனைவருக்கும் வணக்கம். ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, அரை ஏக்கர் வளவில் புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டின் முன்முற்றத்தில் சென்ற வருடம் பங்குனி மாதம் அகன்ற இலையுள்ள மலேசியன் புல் பதித்தோம். சித்திரை வெயிலிலும் நாள் தவறாமல் தண்ணீர் விட்டதால் ஆவணி வரையில் அது பாய் விரித்தாற்போல அழகாக இருந்தது. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு கரையோரம் மஞ்சள் தட்டியது. கார்த்திகையில் கூரைப் பீலித் தண்ணீர் விழும் மூலை முழுவதும் சேறாகி, தைப்பொங்கலுக்குக் கோலம் போட முற்றத்தைப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு வெறும் மண்ணாகக் கிடந்தது.

கனடாவில் இருக்கும் என் மூத்த அண்ணர், குளிர்காலம் வருவதற்கு முன்பே புல்லுக்கு நன்றாக உரம் போட வேண்டும் என்றும், குளிர் நாட்களில் புல்லை மிதிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியே ஐப்பசியில் ஒரு முறையும், மஞ்சளைக் கண்டு பயந்து கார்த்திகையில் ஒரு முறையும் யூரியா போட்டேன். நிலைமை இன்னும் மோசமானது. பங்குனியில் வெற்றிடங்களுக்கு மீண்டும் புல் வாங்கிப் பதித்துவிட்டோம். இப்போது புரட்டாதி பிறந்துவிட்டதால், மழைக்கு முன்பு செய்ய வேண்டியதை அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் 1: செம்மண், வவுனியா

ஐயா, உங்கள் புல்லைக் கொன்றது குளிர் அன்று. வன்னியில் மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். அந்தக் குளிரில் இவ்வகைப் புல் வளர்ச்சியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுமே தவிரச் சாகாது. 2022 மார்கழியில் மாண்டஸ் புயலை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்து இறந்தன. அந்தக் கிழமையில்கூட எங்கள் வீட்டுப் புல் பச்சையாகவே நின்றது.

கொன்றது தேங்கிய நீர். நமக்கு வருடம் முழுவதும் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான குறுகிய காலத்தில் கொட்டிவிடுகிறது. நம்முடைய செங்கபில மண்ணோ காய்ந்தால் ஓடாகவும் நனைந்தால் பசையாகவும் மாறும் மண். மண்ணின் துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், ஒட்சிசன் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே வேரை நோக்கிப் போகும் என்பதால், வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்குகிறது. மஞ்சள் நிறத்தைப் பசி என்று எண்ணி நீங்கள் போட்ட யூரியாவில் ஒரு பகுதி மழையோடு ஓடியிருக்கும், இன்னொரு பகுதி காற்றில்லாத மண்ணில் வாயுவாகிப் போயிருக்கும், மிஞ்சியது இலையை மெதுமெதுவென்று வளர்த்துப் பூஞ்சணத்துக்கு விருந்தாக்கியிருக்கும்.

அடுத்த முறை மஞ்சள் தட்டினால் அதன் விளிம்பில் ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். புல் எதிர்ப்பின்றிக் கையோடு கிளம்பி வந்து, வேரை விரலால் உருவும்போது கபில நிறத் தோல் கழன்று உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சி, மண்ணில் கூழ்முட்டை மணமும் அடித்தால், அந்த இடத்துக்கு வேண்டியது உரமன்று, வடிகால்.

ஆகவே மழைக்கு முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். கெட்டுப்போன மூலையில் ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நீர் நிரப்பி, அது வடிந்த பின் மறுபடியும் நிரப்பி விடுங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால், மேலே என்ன செய்தாலும் பயன் குறைவு. கூரைப் பீலியின் நீரைக் குழாய் மூலம் புல்தரைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவது எல்லாவற்றுக்கும் முதல் வேலை. ஒரு சாதாரண மழைக்கே 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் விழுந்தால் ஆயிரம் லீற்றர் ஒரே மூலைக்கு வந்து சேர்கிறது. தரை வீட்டிலிருந்து வெளிப்புறமாக, பத்து மீற்றருக்கு ஏறக்குறைய அரை அடி சரிந்திருக்க வேண்டும்.

இறுகிய தரையில், மண் ஈரமாக இருந்தும் சேறாகாத ஒரு நாளில், தோட்ட முள்ளுக் கரண்டியாலோ அலவாங்கின் கூர்முனையாலோ நான்கைந்து அங்குல ஆழத் துளைகளைச் சாண் இடைவெளியில் இட்டு, அரித்த கூட்டெருவைத் துளைக்குள் கூட்டித் தள்ளுங்கள். களிமண்ணில் மணலைக் கொஞ்சமாகக் கலந்தால் இளகும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது சாந்து குழைத்ததுபோல் இன்னும் இறுகும். உரம் போட்டே ஆக வேண்டும் என்றால், மழைக்கு மூன்று நான்கு கிழமைகள் முன்பாக, சதுர மீற்றருக்கு 5 கிராம் அளவில் பொட்டாசு உரம் மட்டும் போதும். மழை தொடங்கும்போது புல்லை இரண்டு அங்குல உயரத்தில் விட்டுவிடுங்கள். மொட்டையாக வெட்டிய புல்லுக்கு வேரும் குட்டையாகவே இருக்கும்.

பதில் 2: பனிக்காட்டான், ரொறன்ரோ

வன்னியில் பிறந்து இங்கே இருபது பனிக்காலங்களைக் கண்டவன் என்ற முறையில், உங்கள் அண்ணருக்காக ஒரு சொல். அவர் பொய் சொல்லவில்லை. இங்கத்தைய புல்லைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இங்கே முற்றங்களில் இருப்பது கென்டக்கி புளூகிராஸ் போன்ற குளிர்நாட்டுப் புல். அது கோடையில் களைத்து, இலையுதிர் காலத்தில் வேர் விடும் என்பதால் அப்போது உரம் போடுகிறோம். பிறகு அது பனிக்குக் கீழே உறங்கிவிடும். உறைபனி படிந்த காலையில் மிதித்தால் இலைக்குள் உறைந்த நீர் கலங்களை (செல்களை) உடைத்து, காலடி பதிந்த இடமெல்லாம் பழுப்பாகும். பனி உருகும்போது வரும் பூஞ்சணமும், தெருவுக்குப் போடும் உப்பும்தான் எங்களுக்குத் தலையிடி. இவற்றில் ஒன்றும் கிளிநொச்சிக்குப் பொருந்தாது. மிதிக்காதே என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றில் மிதித்தால் மண் இறுகிவிடும்.

பதில் 3: கமக்காரன், ஒட்டுசுட்டான்

தம்பி, நாங்கள் வயல் வரம்பிலிருந்து வேரோடு பிடுங்கி எறியும் அறுகை விட்டுவிட்டு நீங்கள் காசு கொடுத்துப் புல் வாங்கியதை வாசித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் அறுகைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நாட்கணக்கில் வெள்ளம் நின்றாலும் தாங்கும், ஆடி வெயிலில் கருகினாலும் முதல் மழைக்குத் துளிர்க்கும். அதற்கு நிழல் மட்டும் ஆகாது; மாமரத்தின் கீழ் உங்கள் அகன்ற இலைப் புல்லே நல்லது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்தின் பின், எங்கள் உறவினர் வளவில் வண்டலுக்கு மேலே முதலில் தலை நீட்டியது அறுகுதான். அவர்கள் வண்டலை ஈரம் காயும் முன்பே வாரி எடுத்ததும் அதற்கு உதவியது. வெள்ளம் அள்ளி வந்த மண்ணில் அறிமுகமில்லாத இரும்புப் பொருள் எதுவும் தெரிந்தால் தொடாமல் அறிவியுங்கள்; போர்க்கால வெடிபொருள் இன்னும் புதைந்திருக்கக்கூடிய நம் பிரதேசத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மேலே எவரும் மாட்டைப் பற்றி எழுதவில்லை என்பது எனக்கு வியப்பாக உள்ளது. காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, வயல்கள் விதைக்கப்பட்டதும் மேய்ச்சலுக்கு இடமில்லாமல் கட்டாக்காலி மாடுகள் வீதிக்கும் வளவுக்கும் வந்துவிடும். நனைந்த முற்றத்தில் ஓர் இரவு நான்கு மாடுகள் படுத்தெழும்பினால் போதும். ஒவ்வொரு குளம்படியும் ஒரு சிறு கிணறாகி, அதற்குள் தவளைக் குஞ்சு நீந்தும் வரை தண்ணீர் நிற்கும். ஆகவே ஐப்பசிக்கு முன்பு படலையைத் திருத்துங்கள், வேலிக் கதியால்களைப் பாருங்கள். குளம்படி விழுந்துவிட்டால் அதை மிதித்து மூடாமல், முள்ளுக் கரண்டியால் கீழிருந்து நெம்பி மேலே தூக்கிவிட வேண்டும்.

முற்றத்தான், கிளிநொச்சி

அனைவருக்கும் மிக்க நன்றி. செம்மண் ஐயா சொன்ன குழியைத் தோண்டினேன். நான்கு அங்குலத்துக்குக் கீழே மண்வெட்டி இறங்கவில்லை. அலவாங்கு போட்டபோது கிறவலும் செங்கல் துண்டுகளும் வந்தன. வீடு கட்டிய காலத்தில் கல்லும் மணலும் ஏற்றிவந்த உழவு இயந்திரங்கள் நின்ற இடம் அது என்று மனைவி நினைவுபடுத்தினார். வேலை முடிந்ததும் கிறவல் பரப்பி, அதன் மேல் கொஞ்சம் மண் தூவி, எங்களிடம் முற்றம் என்று ஒப்படைத்திருக்கிறார்கள். ஊற்றிய நீர் மறுநாள் மத்தியானம் வரை அப்படியே நின்றது.

பதில் 1: செம்மண், வவுனியா

அப்படியானால் துளையிடுவதில் பொருளில்லை. அந்த மூலையில் புல்லைப் பாளம் பாளமாக வெட்டி, சாக்கை நனைத்து மூடி நிழலில் வையுங்கள். ஓரிரு நாள் தாங்கும். கிறவலை ஓரடி ஆழம் வரை கிளறி, கல்லைப் பொறுக்கி, கூட்டெருவும் நல்ல மேல்மண்ணும் கலந்து நிரப்பி, சுற்றியுள்ள தரையைவிட இரண்டு அங்குலம் உயர்த்தி விடுங்கள், மழையில் அது தானாக இறங்கும். புரட்டாதி முடியும் முன் பதித்தால் வேர் பிடிக்கப் போதிய நாட்கள் உண்டு. பீலிக்கு நேர் கீழே மட்டும் மூன்றடி அகலத்துக்குப் புல்லே வேண்டாம். அங்கே கருங்கல் சல்லியைக் கொட்டி, வேலியோர வாய்க்காலுடன் இணைத்துவிடுங்கள்.