மறு: கலைச்சொல் வேண்டல் – அறிவு வரலாறு

> 'அறிவியல் வரலாறு' ஏற்கெனவே இருக்கிறதே, அதையே இதற்கும் வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ள முடியாது. ஆங்கிலத்தில் 'ஹிஸ்டரி ஆஃப் நாலெட்ஜ்' எனப்படும் இந்தத் துறை கிளம்பியதே 'அறிவியல்' என்ற வேலியைத் தாண்டத்தான். மருத்துவச்சியின் கைப்பழக்கம், மாலுமியின் கடல்வழிக் குறிப்பு, அரசு அலுவலகப் பதிவேடு எல்லாமே இதற்குள் வரும். அவற்றை அறிவியல் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் அறிவுதான். எது அறிவென்று மதிக்கப்பட்டது, யார் மதித்தார்கள், எது ஒதுக்கப்பட்டது என்பவைதான் இங்கே கேள்விகள்.

ஜெர்மன் மொழியில் 'விஸ்ஸன்' என்றால் அறிவு. அதில் விகுதி சேர்ந்து 'விஸ்ஸன்ஷாஃப்ட்' அறிவியலாகிறது. நம்மிடமும் அறிவு, அறிவியல் என்று அதே அமைப்பு இருப்பது வசதி. அவர்கள் 'விஸ்ஸன்' பக்கம் நின்றே துறைக்குப் பெயர் வைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் 2005இல் இதற்கென ஒரு மையமே வந்தது. ஆங்கிலத்தில் வரலாற்றாசிரியர் பீட்டர் பர்க் 2000இல் அறிவின் சமூக வரலாற்றை நூலாக எழுதினார். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2020இல் இன்னொரு மையம்.

சரி, 'அறிவின் வரலாறு' என்பதா, 'அறிவு வரலாறு' என்பதா? வாக்கியத்துக்குள் முதலாவது இயல்பாக உட்காரும். ஆனால் துறைப்பெயரிலிருந்து மற்ற சொற்களும் பிறக்க வேண்டும். 'அறிவு வரலாற்றாளர்' என்றால் உறுத்தவில்லை. 'அறிவின் வரலாற்றாளர்' எங்கோ தட்டுகிறது. எனவே என் ஓட்டு உருபில்லாத 'அறிவு வரலாறு'க்கே. 'ஞான வரலாறு' வேண்டாம், ஆன்மிக வாடை. 'அறிவுசார் வரலாறு' என்றால் சிந்தனையாளர்களின் வரலாறு போலக் கேட்கிறது. அதற்குச் 'சிந்தனை வரலாறு' இருக்கிறது.

'அறிவு' புத்திக்கூர்மையையும் குறிக்குமே என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அறிவாய்வியல், அறிவுச் சமூகவியல் என்றெல்லாம் சொல்லும்போது யாரும் குழம்புவதில்லை. இன்னொரு லாபம், எதிர்ப்பக்கமும் சேர்ந்தே கிடைக்கிறது: எதைத் தெரியவிடாமல் வைத்தார்கள் என்று ஆராய்பவர்களுக்கு 'அறியாமை வரலாறு'. 'அறிவுகள்' என்ற பன்மைதான் கொஞ்சம் இடிக்கும். 'அறிவு வகைகள்' என்று சமாளிக்கலாம்.

எனக்கு உண்மையில் முக்கியமாகப் படுவது அடுத்த சொல். அறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதை இத்துறையினர் ஆங்கிலத்தில் 'சர்க்குலேஷன்' என்று ஓயாமல் பேசுகிறார்கள். 'சுழற்சி' பொருந்தாது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதல்லவா சுழற்சி? கைமாறும்போது அறிவே உருமாறுகிறது என்பதுதான் அவர்கள் வாதம். பணப்புழக்கம் என்கிறோமே, அப்படி 'அறிவுப் புழக்கம்' என்று வைக்கலாமா? வேறு தோன்றினால் எழுதுங்கள். 'பரிமாற்றம்' மட்டும் வேண்டாம், அது இரு தரப்பு விவகாரமாகிவிடும்.